கொக்கு மார்க் பியர் விளம்பரத்தை நான் ஒட்டி மூடியது

1. பசை

முதல் நாள் தர்ஷினி மிஸ் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, எனக்குப் பசை காய்ச்சத் தெரியுமா என்பதுதான். படிப்பைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்படியே திரும்பிப் போயிருப்பேன்.

கிளிநொச்சியில் எங்கள் வாசிகசாலையின் பின்னறை அது. ஒரு நீள மேசை, இரண்டு கதிரை. மிச்ச இடம் முழுவதும் பழைய பத்திரிகைக் கட்டுகள். வவுனியாவில் காணி உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசு ஐயா ஆயுள் முழுவதும் வாங்கிச் சேர்த்து வைத்த தமிழ்ப் பத்திரிகைகள். அவர் காலமான பிறகு பிள்ளைகள் லொறியில் ஏற்றி எங்களுக்கு அனுப்பிவிட்டார்கள். கறையான் கொஞ்சம், எலி கொஞ்சம், மழை கொஞ்சம் என்று பங்குபோட்டுத் தின்ற மிச்சம் வந்து சேர்ந்தது. அவற்றைத் தூசி தட்டி, கிழிந்ததை ஒட்டி, ஸ்கான் பண்ணிக் கணினியில் ஏற்றவேண்டும். கணினி வேலை தர்ஷினி மிஸ்ஸுக்கு. தூசியும் பசையும் எனக்கு.

"கட்டி படாமல் காய்ச்சுவீங்களோ அம்மா?"

"ஓம் மிஸ்."

"எங்க பழகினீங்கள்?"

சந்தையில் ஒரு பலசரக்குக் கடைக்கு இருபது வருடத்துக்கு மேல் கடதாசிப் பை ஒட்டிக் கொடுத்தவள் நான் என்று சொன்னேன். எந்தக் கடதாசியில் என்று கேட்டார். பழைய பத்திரிகையில் என்றேன். 

"அப்ப இருபது வருசமாப் பேப்பரை அழிச்ச கையாலயே அதைக் காப்பாத்தப்போறியள்."

நான் குனிந்து சட்டியைத் தேடினேன்.

இப்போது வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதச் சொன்னவர் மிஸ்தான். ஆகவே செய்முறையையும் எழுதிவிடுகிறேன். கோதுமை மாவை இரண்டு முறை அரிக்கவேண்டும். பச்சைத் தண்ணீரில் கரைத்த பிறகுதான் அடுப்பில் வைக்கவேண்டும். நெருப்பு சிறியதாக இருக்கவேண்டும். ஒரே பக்கமாகக் கிண்டவேண்டும், நடுவில் யார் கூப்பிட்டாலும் திரும்பக்கூடாது. பை ஒட்டும்போது பூச்சி வராமல் இருக்கக் கொஞ்சம் துருசு போடுவோம். இங்கே போடக்கூடாது. அது கடதாசியைத் தின்னும் என்று மிஸ் சொன்னார். அன்றன்றைக்குத் தேவையான அளவு மட்டும் காய்ச்சவேண்டும்.

2. அந்த ஆள்

தாள் மிகவும் நைந்து, தூக்கினால் உதிரும் என்ற நிலையில் இருந்தால், ஒரு பக்கத்தில் பசை பூசி முழு வெள்ளைத் தாள் ஒன்றை வைத்து ஒட்டிவிடுவோம். அதை 'முதுகு போடுவது' என்போம். முதுகு போட்டால் தாள் பிழைக்கும். ஆனால் போட்ட பக்கம் மறைந்துவிடும். அதனால் மிஸ் ஆரம்பத்திலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"ஒரு பக்கம் வாசிக்கேலாமப் போயிருந்தால் மட்டும் முதுகு போடுங்கோ. ரெண்டு பக்கமும் தெரிஞ்சால் தொடவேண்டாம். பெட்டிக்குள்ள வையுங்கோ. ஸ்கானர் வரட்டும்."

ஸ்கானர் அப்போது வந்திருக்கவில்லை. அதைக் கொண்டுவர மிஸ் கொழும்புக்குப் போய்விட்டார். மூன்று நாள் நான் தனியே வேலை செய்தேன். இரண்டாம் நாள் அந்தத் தாள் கையில் வந்தது.

அரைப் பக்கத்துக்கு ஒரு படம். புகைப்படம் இல்லை, கையால் கீறியது. சாய்மனைக் கதிரையில் வேட்டியும் சால்வையுமாக ஒருவர் இருக்கிறார். நீளமான மூக்கு. ஒரு கையைக் கதிரையின் சட்டத்தில் வைத்து, மறு கையில் நுரை பொங்கும் கிளாஸைப் பிடித்திருக்கிறார். பக்கத்தில் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்று, குளத்தில் மீனைப் பார்ப்பதுபோல அந்தக் கிளாஸைப் பார்க்கிறது. மேலே வளைந்த எழுத்தில் 'கொக்கு மார்க் பியர்'. கீழே 'மலைநாட்டின் குளிர்ந்த நீரில் காய்ச்சியது. மதிப்பானவர்களின் மாலை நேரத்துக்கு உகந்தது' என்று போட்டிருந்தது. இந்தக் காலத்தில் பத்திரிகையில் இப்படியெல்லாம் போட முடியாது, சட்டம் விடாது. அந்தக் காலத்தில் நெல் விலைக்கும் கோயில் திருவிழாவுக்கும் நடுவில் கூச்சமில்லாமல் போட்டிருக்கிறார்கள்.

கொக்கு மார்க் பியரை எனக்குத் தெரியும். நான் மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். சின்ன வயதில்தான் அப்பா அம்மாவோடு வன்னிக்கு வந்து உருத்திரபுரத்தில் குடியேறினேன். கொக்குப் படம் போட்ட லொறி, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த எங்கள் லயத்துக்குக் கீழே உள்ள ரோட்டில் போகும். ஆனால் அந்தப் பியரைச் சாய்மனைக் கதிரையில் இருந்து குடித்த ஒருவரையும் எங்கள் தோட்டத்தில் நான் கண்டதில்லை. தீபாவளிக்கு ஒரு போத்தலை ஐந்து பேர் பங்குபோட்டு, குந்தியிருந்து குடிப்பார்கள். பிறகு ஐந்து பேரும் ஆளுக்கு ஒரு பீப்பாய் குடித்தவர்களைப்போல ஆடிக் காட்டுவார்கள். என் அப்பாவும் அதில் ஒருவர். அவருக்குக் கிடைத்த பங்கு இரண்டு மிடறு இருக்கும்.

படத்தில் இருந்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மேசையின் மறுபக்கம் போனேன். அங்கேயும் பார்த்தார். இந்த வயதில் என்ன வெட்கம் என்று நீங்கள் கேட்கலாம். கதவு சாத்திய அறையில், முன்பின் தெரியாத ஒரு ஆம்பிளை, கையில் கிளாஸோடு. தாளும் உதிரும் நிலையில் இருந்தது. மறுபக்கத்தைப் பார்த்தேன். குளத்து நீர்மட்டம், விதைப்பு, மழைச் செய்தி. அதுதான் உபயோகமான பக்கம் என்று நானே முடிவு செய்து, பசையைப் பூசி, அந்த ஆளின் முகத்திலேயே முதுகைப் போட்டுவிட்டேன்.

இருபது வருடம் பை ஒட்டியவளுக்கு அது பெரிய காரியம் இல்லை. பை ஒட்டும்போது யாருடைய முகம் உள்ளே போகிறது என்று பார்க்கமாட்டோம். மந்திரிமாரைக்கூட உள்ளே மடித்து, மேலே பருப்பைக் கொட்டிக் கொடுத்திருக்கிறேன்.

3. பெயின்ரர் ஐயா

மிஸ் ஸ்கானரோடு வந்தார். பழைய விளம்பரங்களை வைத்து வாசிகசாலையில் ஒரு கண்காட்சி நடத்தலாம் என்று ஒரு யோசனையும் கூடவே வந்தது. சவர்க்காரம், தையல் மெசின், சைக்கிள், பல்பொடி என்று நல்ல படங்கள் நிறைய இருந்தன. செய்தி ஊருக்குள் பரவி ஒரு கிழமை ஆகவில்லை, வட்டக்கச்சியில் இருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு பெயின்ரர் ஐயா வந்துவிட்டார்.

எண்பதைத் தாண்டியவர். யாழ்ப்பாணப் பக்கத்து ஆள். கலியாணம் முடித்து, காணி கிடைத்து, வட்டக்கச்சிக்கு வந்து வயல் செய்தவர். வயல் இல்லாத நாட்களில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதினார், பஸ்களுக்குப் பூவும் மயிலும் கீறினார். அதனால்தான் பெயின்ரர். ஊரில் அவருக்கு இன்னொரு பெயரும் உண்டு. கொக்கர். ஏன் அப்படி என்று எனக்கு அதுவரை தெரியாது.

"பிள்ளை, கொக்கு மார்க் பியர் விளம்பரம் ஏதும் அம்பிட்டதோ?" என்று மிஸ்ஸிடம் கேட்டார்.

"உங்களுக்கு எதுக்கு ஐயா பியர்?"

"குடிக்கிறதுக்கில்லை. அதைக் கீறினது நான்."

மிஸ் சிரித்துவிட்டார். ஐயா கோபிக்கவில்லை. அவருக்கு அது பழக்கம்போல.

"எல்லாரும் உப்பிடித்தான் சிரிக்கிறவை. தலைமயிர் வெட்டச் சலூனுக்குப் போனால், 'கொக்கர், இண்டைக்கு எத்தினை போத்தல் கீறினனீர்?' எண்டு கேப்பாங்கள். பேரப்பிள்ளையள் புளுகு எண்டுதுகள். கொழும்பில ஒரு விளம்பரக் கந்தோரில மூண்டு வருசம் கீறினனான். வெளியில காட்ட ஒரு துண்டு இல்லை. வைச்சிருந்ததெல்லாம் இடம்பெயரேக்க விட்டாச்சு. எழுதின போர்டுகள் கடையளோட போச்சு. பஸ் எல்லாம் இரும்புக்குப் போச்சு. என்ர கை கீறினது எண்டு சொல்ல இந்த உலகத்தில ஒரு கோடு இல்லைப் பிள்ளை. அந்தக் கொக்கு ஒண்டு அம்பிட்டால் காணும்."

மிஸ் சிரிப்பை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அம்மா, நீங்கள்தானே தாள் தாளாப் பாத்தனீங்கள். கொக்கு ஏதும் கண்டனீங்களோ?"

நான் அறுபது வருடமாக வன்னியில் இருக்கிறேன். இந்தப் பக்கத்துப் பேச்சுத்தான் என் பேச்சு. ஆனால் பயம் வந்தால் மட்டும் தோட்டத்துப் பேச்சு வாயில் வந்துவிடும்.

"இல்லீங்க மிஸ்," என்றேன்.

ஐயா சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். வாசல் மட்டும் போய்த் திரும்பிப் பார்த்து, "அதில மூலையில, புல்லுக்குள்ள, என்ர ரெண்டு எழுத்து ஒளிச்சு வைச்சிருக்கிறன். கண்டால் சொல்லுங்கோ தங்கச்சி," என்று எனக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குக் காய்ச்சிய பசை முழுவதும் கட்டி பட்டுப்போயிற்று.

4. மனோன்மணி அக்கா

அடுத்த நாள் காலையில் மிஸ் வங்கிக்குப் போன நேரம், ஒரு கட்டு முருங்கையிலையோடு ஒரு அம்மா வந்து கதவடியில் நின்றார். பெயின்ரர் ஐயாவின் மனைவி. நெற்றி நிறைய விபூதி.

"தங்கச்சி, நேத்து எங்கட மனிசன் இஞ்ச வந்ததே?"

"ஓம் அக்கா."

"அந்தக் கொக்குப் படம் கேட்டதே?"

"ஓம்."

"கிடைச்சதே?"

நான் பசைச் சட்டியைக் கிண்டினேன். அக்கா கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு இருந்து, குரலைக் குறைத்தார்.

"கிடைச்சாலும் காட்டிப்போடாத. உனக்குப் புண்ணியம் கிடைக்கும். அதில கதிரையில இருக்கிறது ஆர் தெரியுமே? எங்கட அப்பு. என்னைப் பெத்த அப்பு."

நான் பசை பூசிய முகத்துக்கு ஒரு மகள் இருந்து, அவர் முருங்கையிலையும் கொண்டுவருவார் என்று யார் நினைத்தார்.

அக்கா சொன்ன கதை இதுதான். அவருடைய தகப்பனார் ஊரில் கோயிலைப் பொறுப்பாக நடத்திய மணியகாரர். மது என்ற சொல்லையே வீட்டில் சொல்லவிடாதவர். ஊர்க் கள்ளுத் தவறணையை மூடவைப்பதற்காக வாசலில் மூன்று நாள் பாய் போட்டுப் படுத்திருந்தவர். பெயின்ரர் ஐயா அதே ஊர்ப் பெடியன். பெண் கேட்டு ஆள் விட்டபோது, 'சுவரில கரி பூசித் திரியிறவனுக்கு என்ர பிள்ளையோ' என்று மணியகாரர் மறுத்துவிட்டார். பெடியன் கொழும்புக்குப் போனான். ஆறு மாதத்தில் பத்திரிகையில் கொக்கு மார்க் பியர் வந்தது, மணியகாரரின் மூக்கோடு.

"எனக்கு எப்ப தெரியும் எண்டு கேள். கலியாணம் முடிஞ்சு நாலாம் நாள். மனிசன் தானாச் சொல்லுது, 'மனோன்மணி, நான் ஒரு பிழை விட்டிட்டன்' எண்டு. நான் என்னவோ எண்டு நெஞ்சு பதறிப்போனன். பாத்தால் பியர்."

"உங்கட அப்பு அதைக் கண்டவரோ அக்கா?"

"தெரியாது தங்கச்சி. அதுதான் அம்பது வருசமா எனக்குப் பயம். ஊர் வாசிகசாலையில பேப்பரை முதல் எழுத்தில இருந்து கடைசி எழுத்து மட்டும் வாசிக்கிற மனிசன். கண்டிருந்தால் எனக்குக் கலியாணம் நடந்திராது. நான் ஆறு வருசம் கந்தசஷ்டி பிடிச்சது வீண்போகேல்லை, முருகன்தான் அண்டைக்கு அவற்ற கண்ணை மறைச்சவன். இப்ப நீங்கள் கொண்டுபோய்ச் சுவரில தொங்கவிட்டால், எங்கட சொந்தக்காரர் வந்து பாத்து என்ன சொல்லுவினம்? மணியகாரர் பியர் அடிச்சவர் எண்டெல்லே கதை வரும்."

எனக்கு அந்த நேரத்தில் வந்த நிம்மதியை மறைக்கமாட்டேன். நான் ஒன்றும் செய்யத் தேவையில்லை. படம் ஏற்கனவே மறைந்திருக்கிறது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் அக்காவுக்குச் சந்தோசம், மிஸ்ஸுக்கு என் பிழை தெரியாது. ஐயாவை ஊர் இன்னும் கொஞ்சக் காலம் கொக்கர் என்று கூப்பிடும், அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டு இருப்பது எனக்கு நன்றாக வரும். ஆயுள் முழுக்கச் செய்த வேலை அது.

சும்மா ஏதாவது சொல்லவேண்டுமே என்று ஒன்று கேட்டேன். "அப்புவின்ர படம் வீட்டில கொழுவியிருக்கிறீங்களோ அக்கா?"

"எங்க கிடக்கு? ஒரு படம் இருந்தது. சண்டைக்குள்ள மாத்தளனுக்கு ஓடிப் போற வழியில அந்தப் பையோட போச்சு. திவசத்துக்கு விளக்கை வைச்சிட்டு வெறும் சுவரைத்தான் கும்பிடுறன். இப்ப அவற்ற முகத்தை நினைச்சால் மூக்கு மட்டும் வருது. மற்றதொண்டும் வருகுதில்லை."

முருங்கையிலையை மேசையில் வைத்துவிட்டு அக்கா எழும்பினார். கதவு மட்டும் போய்விட்டார்.

"அக்கா," என்றேன். "படம் இருக்குங்க. நான்தாங்க மேல தாளை ஒட்டிட்டேன்."

5. உரித்தது

மிஸ் வந்ததும் அக்காவுக்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். மிஸ் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கதிரையில் இருந்து தலையில் கை வைத்து, "ஏன் அம்மா ஒட்டினீங்கள்?" என்று மட்டும் கேட்டார்.

"அவர் என்னையே பாத்துக்கொண்டு இருந்தார் மிஸ்."

மிஸ் என்னைப் பார்த்தார். அக்கா மிஸ்ஸைப் பார்த்தார். பிறகு அக்காதான் முதலில் சிரித்தார். "அப்புவின்ர பார்வை அப்பிடித்தான். பிரசாதம் ரெண்டாம்தரம் வாங்க ஒருத்தரும் துணியமாட்டினம்."

"உரிக்கலாமோ?" என்று மிஸ் கேட்டார். "தாள் போயிடாதோ?"

"மாப்பசை மிஸ். துருசு போடேல்லை. இளகும்."

பை ஒட்டும் காலத்தில் பிழையாக ஒட்டிய தாளைப் பிரித்தெடுப்பதும் என் வேலைதான். ஆனால் அது கிழிந்தால் இன்னொரு பை. இது கிழிந்தால் ஒருவருக்கு அவர் கீறிய கடைசிக் கோடு போகும், இன்னொருவருக்குத் தகப்பனின் முகம் போகும். அக்கா பக்கத்தில் நின்று முருகா முருகா என்றுகொண்டு இருந்தார். படம் வரவேண்டும் என்று கும்பிட்டாரா, வரக்கூடாது என்றா, நான் கேட்கவில்லை.

செய்த முறை இது. மேசையில் பொலித்தீன் விரித்தேன். மழைச் செய்தி கீழே இருக்கும்படி, முதுகு மேலே இருக்கும்படி தாளை வைத்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் ஸ்பொஞ்சைப் பிழிந்து, முதுகை மட்டும் ஒற்றினேன். துடைக்கக்கூடாது, ஒற்றவேண்டும். கால் மணித்தியாலம் பொறுத்தேன். பிறகு மூலையில் ஈர்க்கை நுழைத்து மெல்லக் கிளப்பினேன். அரை விரல் தூரம் வந்தால் மறுபடி ஒற்றி மறுபடி பொறுத்தேன். அவசரப்பட்டால் படத்து எழுத்தும் முதுகோடு சேர்ந்து வந்துவிடும்.

முதலில் புல் வந்தது. பிறகு கொக்கின் கால். கதிரையின் சட்டம், அதில் ஒரு கை.

"அந்த விரல்," என்றார் அக்கா.

கிளாஸ் வந்தபோது அக்கா குனிந்து சேலைத் தலைப்பால் அதை மறைத்தார். மிஸ், "ஈரம் அக்கா, தொடாதையுங்கோ," என்றார். அக்கா தலைப்பைப் படத்தில் படாமல் மேலே பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய சேலைக்குக் கீழே கையை விட்டுத்தான் மிச்சத்தை நான் உரித்தேன்.

கடைசியாக முகம் வந்தது. முழுதாக வந்தது. இடது காதடியில் மட்டும் ஒரு சின்னத் துண்டு போய்விட்டது, அது என் பிழை. மூக்கு, கண், புருவம், மீசை எல்லாம் இருந்தன. இப்போது கிட்ட வைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது. மீசையின் இரண்டு பக்கமும் வெள்ளையாக விட்டிருந்தார்கள். பியர் நுரை.

அக்கா கிட்டக் குனிந்தார். "காது பெருசு," என்றார். "அவருக்குக் காது பெருசு. நான் அதை மறந்தே போனன்."

6. மரியாதையான முகம்

மிஸ் தொலைபேசியில் சொல்லி, ஐயா மத்தியானமே வந்துவிட்டார். மனைவியும் அங்கே இருப்பதைக் கண்டதும் கொஞ்சம் பின்வாங்கினார். பிறகு மேசைக்குக் கிட்ட வந்து கண்ணாடியைப் போட்டார். அழுவார் என்று நான் நினைத்தேன். அவர் படத்தில் விரலை நீட்டி, "கொக்கின்ர முழங்கால் பிழை," என்றார். "பின்பக்கமா மடியோணும். இந்தப் பிழையை எப்பிடிக் கந்தோரில விட்டாங்கள்?"

மிஸ் மூலையில் இருந்த புல்லைக் காட்டினார். அங்கே இரண்டு எழுத்து இருந்தது. "ஐயா, நான் சிரிச்சதுக்குக் குறை நினைக்காதையுங்கோ."

"கொக்கை விடுங்கோ," என்றார் அக்கா. "அப்புவை ஏன் கீறினீங்கள்? அம்பது வருசமாக் கேக்கிறன், ஒழுங்கா ஒரு மறுமொழி இல்லை. ஆத்திரத்திலதானே?"

"ஆத்திரத்தில இல்லை மனோன்மணி. கம்பனிக்காரன் வந்து, 'குடிகாரன் மாதிரி ஒருத்தனைக் கீறாத. கண்டால் எழும்பி நிக்கவேணும், அப்பிடி ஒரு மரியாதையான முகம் கீறு' எண்டான். நான் ரெண்டு நாள் யோசிச்சன். எனக்குத் தெரிஞ்ச மரியாதையான முகம் அது ஒண்டுதான்."

"இன்னொண்டும் இருக்கு," என்றார் ஐயா. "சொல்லுறேல்லை எண்டு வாக்குக் குடுத்தனான். ஆனா இப்ப அவரே வெளியில வந்திட்டார். அப்பு அதைக் கண்டவர்."

"என்ன?"

"ஊர் வாசிகசாலையில ஒரு கிழமையா ஆரோ அந்தப் பக்கத்தையே விரிச்சு அவற்ற கதிரையில வைச்சிருக்கிறாங்கள். பேப்பரை மடிச்சுச் சால்வைக்குள்ள வைச்சுக்கொண்டு கொழும்புக்கு ரெயில் ஏறி என்ர அறைக்கு வந்திட்டார். பேப்பரை விரிச்சுப் பாத்தார், என்னைப் பாத்தார். 'என்னை நீ எத்தினை தரம் கண்டிருப்பாய்?' எண்டு கேட்டார். 'கோயில்ல ரெண்டு மூண்டு தரம்' எண்டன். 'ரெண்டு மூண்டு தரம் கண்ட முகத்தை இவ்வளவு ஞாபகம் வைச்சிருக்கிறவன், என்ர பிள்ளையை மறக்கமாட்டான். தையில நாள் பாக்கிறன். நான் இஞ்ச வந்த கதை அவளுக்குத் தெரியக்கூடாது' எண்டிட்டுத் தேத்தண்ணிகூடக் குடியாமல் போனார்."

ஸ்கானர் உறுமிக்கொண்டு இருந்தது.

"அப்ப நான் ஆறு வருசம் பிடிச்ச விரதம்?" என்று அக்கா கேட்டார்.

"அதுவும் உதவியிருக்கும்," என்றார் ஐயா.

7. சுவரில்

கண்காட்சியில் அந்தப் படம் வைக்கப்படவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரும் இடத்தில் பியர் வேண்டாம் என்று வாசிகசாலைக் குழு சொன்னது. ஐயா வாதாடவில்லை. மிஸ் முழுப் படத்தையும் ஸ்கான் பண்ணி, ஒரு பிரதியை அச்சடித்துக் கொடுத்தார். அதை அவர் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். சலூனில் அதைக் காட்டிய நாளில் இருந்து 'கொக்கர்' என்று கூப்பிட்டால் இன்னும் நன்றாகத் திரும்பிப் பார்க்கிறாராம்.

புதிதாக வந்த பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். பசை பூச முன்னம் இரண்டு பக்கத்தையும் வாசியுங்கள், எழுத்துக்கூட்டியாவது வாசியுங்கள். எந்தப் பக்கம் உபயோகமானது என்று தீர்மானிக்கும் உரிமை பசைச் சட்டி வைத்திருக்கிறவளுக்கு இல்லை. பிழை விட்டால் பசை ஈரமாக இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். காய்ந்த பிறகு சொல்வதற்கு நிறைய வெந்நீரும் பொறுமையும் வேண்டும். மிஸ் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் அதற்குப் பிறகு முதுகு போடும் ஒவ்வொரு தாளையும், "ஆரும் உங்களைப் பாக்கினமோ அம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் என் கையில் தருவார்.

போன மாதம் மணியகாரரின் திவசத்துக்கு என்னை வட்டக்கச்சிக்குக் கூப்பிட்டார்கள். சுவரில் சட்டம் போட்டு, சந்தனம் வைத்து, பூமாலை போட்டு அவர் இருந்தார். கிளாஸ், கொக்கு, எழுத்து எல்லாவற்றையும் மிஸ் கணினியில் வெட்டி எடுத்துவிட்டு, முகத்தை மட்டும் பெரிதாக்கிக் கொடுத்திருக்கிறார். மீசையில் இருந்த நுரையை மட்டும் வெட்ட முடியவில்லை. பேனையால் கறுப்பாக்கி விடுகிறேன் என்று ஐயா கேட்டிருக்கிறார். "நீங்கள் அப்புவில கை வைச்சது காணும்," என்று அக்கா விடவில்லையாம்.

சாப்பிட வந்த அயல் வீட்டுப் பெண் ஒருவர் படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"நல்ல களையான முகம். அப்புவுக்கு மீசை நரைச்சிருந்ததோ அக்கா?"

அக்கா இலையில் பாயசத்தை ஊற்றிக்கொண்டே, தலை நிமிராமல், "ஓமடி பிள்ளை, வேளைக்கே நரைச்சிட்டுது," என்றார்.